அண்ணனின் இடது தோளுக்குப் பின்னால்

எங்கள் வீட்டில் ஒரு பிஸ்கெட் டப்பா நிறைய என் புகைப்படங்கள் இருக்கின்றன. ஒன்றில்கூட நான் முழுசாக இல்லை. ஒன்றில் என் இடது காது. இன்னொன்றில் அரை மீசை. யாரோ ஒரு மந்திரி வந்தபோது எடுத்த படத்தில் என் கை மட்டும் மாலை ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மிச்ச இடமெல்லாம் கோதண்டம் அண்ணன். என் மகள் ஃபாத்திமா சின்னப் பெண்ணாக இருந்தபோது அந்தப் படங்களைத் தரையில் பரப்பி, இங்கே ஒரு காது, அங்கே ஒரு கண் என்று சேர்த்துப் பார்த்தாள். "எல்லாத்தையும் ஒட்னா முழு நைனா வந்துருவ. மூக்குதான் கெடைக்கல" என்றாள். நானும் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லைதான்.

என் பெயர் கஸ்பார். ராயபுரம் மாதா கோயில் சந்தில் பிறந்தவன். அப்பா துறைமுகத்தில் சரக்கு தூக்குகிற விஞ்ச் ஓட்டினார். எனக்குப் படிப்பும் ஏறவில்லை, பாரம் தூக்க உடம்பும் ஒத்துழைக்கவில்லை. அதனால் கோதண்டம் அண்ணனிடம் ஒட்டிக்கொண்டேன். அப்போது அவரிடம் ஒரே ஒரு பழைய லாரி இருந்தது. இன்று எண்ணூர் பக்கம் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசையாக நிற்கிற யார்டு அவருடையது. லாரிக்காரர்கள் சங்கம் ஒன்றுக்குத் தலைவரும் அவர்தான். லாரி வளர்ந்தது, யார்டு வளர்ந்தது, அண்ணன் வளர்ந்தார். எனக்கு வளர்ந்தது தொப்பை.

யார்டில் என் வேலைக்கு சூப்பர்வைசர் என்று பெயர். எதை சூப்பர்வைஸ் செய்கிறேன் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டுவிடுவார்களோ என்று பயந்து நானும் சத்தம் போடாமல் இருக்கிறேன். உண்மையான வேலை, அண்ணன் எங்கே போனாலும் பின்னால் போவது. கல்யாணம், சாவு, சங்கக் கூட்டம், ஆஸ்பத்திரி, எதுவானாலும் நாங்கள் ஒரு பத்துப் பதினைந்து பேர் வெள்ளைச் சட்டையில் போவோம். என் இடம் அவருடைய இடது தோளுக்கு அரையடி பின்னால்.

இதைச் சும்மா நினைத்துவிடாதீர்கள், இதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். அண்ணனுக்கு முன்னால் கால் வைக்கக் கூடாது. அண்ணன் சிரிப்பதற்கு முன்னால் சிரிக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, கையில் எதையும் தூக்கக் கூடாது. கதவு திறக்க, கூட்டத்தை விலக்க, கும்பிட வேண்டியவர் வந்தால் கும்பிட, கை காலியாக இருக்க வேண்டும். "பையத் தூக்கினு பின்னால வந்தீங்கன்னா கூரியர் ஆபீஸ் மாதிரி கீதுடா" என்று அண்ணன் ஒருமுறை சொன்னதிலிருந்து அது எங்கள் சட்டம். அண்ணனும் எதையும் தூக்க மாட்டார். அவர் போன் அறிவு என்கிறவனிடம் இருக்கும். அவருடைய சர்க்கரை மாத்திரையும் மூக்குக் கண்ணாடியும் என் சட்டைப் பையில் இருக்கும். எனக்கென்று கண்ணாடி கிடையாது. அவசரத்துக்கு அண்ணனுடையதையே போட்டுக்கொள்வேன். பவர் வேறு என்பதால் எல்லாமே கொஞ்சம் பெரிய மனிதத்தனமாகத் தெரியும்.

எங்களை ஊரில் மரியாதையாகச் சொன்னால் அண்ணன் ஆளுங்க. மரியாதை இல்லாமல் சொன்னால் அல்லக்கை. என் மனைவி டோரதி இரண்டாவதைத்தான் சொல்வாள், அதுவும் சொந்தக்காரர்கள் முன்னால்.

மூன்றாவதாக ஒரு பெயரைக் கொண்டுவந்தவள் ஃபாத்திமா. அவளுக்கு பாரிமுனையில் ஒரு பிரெஞ்சுக்காரக் கப்பல் கம்பெனியின் ஆபீசில் வேலை. சாயங்காலம் பிரெஞ்சு வகுப்பும் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள், "நைனா, நீ செய்ற வேலைக்கு பிரெஞ்சுல ஒரு பேரு கீது. ஆந்தூராஜ்" என்றாள்.

கேட்பதற்கு நம் மாதா கோயில் பங்கில் ஞானஸ்நானம் வாங்கின ஆள் போல இருந்தது.

"பெரிய மன்சன் யாராவது வந்தா சுத்திக்கினு வர்றாங்க இல்ல, அந்தக் கூட்டம். இங்கிலீஷ்காரன் பிரெஞ்சுக்காரங்களாண்டதான் வாங்கினான் அந்த வார்த்தைய."

"பரிவாரம்னு சொல்லு" என்றேன். ராஜாவுக்கு இருக்கிறதாயிற்றே. நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

"அல்லக்கைக்கு இங்கிலீஷ்ல பேரு வேற வச்சிக்கிறானா" என்றாள் டோரதி, குழம்பை ஊற்றியபடி.

ஃபாத்திமா விடவில்லை. எச்சில் விரலால் தட்டின் விளிம்பைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக் காட்டினாள். தூர் என்றால் பிரெஞ்சில் சுற்று. ஆந்தூரே என்றால் சுற்றி நிற்பது, சூழ்ந்துகொள்வது. அதிலிருந்து ஆந்தூராஜ். அந்தத் தூர் எங்கிருந்து வந்தது என்று தோண்டிக்கொண்டே போனால் கிரேக்கத்தில் வட்டம் போடுகிற ஒரு கருவியில், கடைசல் பிடிக்கிற லேத்தில் போய் நிற்கிறதாம். லேத் என்றதும் எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. திருவொற்றியூரில் பாதித் தெரு லேத் பட்டறைதானே. நடுவில் இரும்பு சுழலும், சுற்றிச் சுருள் சுருளாகத் தகடு விழும், சாயங்காலம் அதைக் கூட்டி மூட்டை கட்டுவார்கள். யார் இரும்பு, யார் சுருள் என்பதில் எனக்குச் சந்தேகம் எழவில்லை.

"ஆனா நைனா, பிரான்ஸ்ல அத பெரிய மன்சனுக்கு மட்டும் சொல்றது இல்ல. யாரா இருந்தாலும் அவங்கள சுத்தி கீற வீட்டாளுங்க, தோஸ்துங்க, அவங்கதான் ஆந்தூராஜ். ஒருத்தருக்கு ஒடம்பு சரியில்லன்னா டாக்டரு அந்தாளு ஆந்தூராஜக் கூப்ட்டுதான் பேசுவாரு. நம்ம கல்யாணப் பத்திரிகைல சுற்றமும் நட்பும் சூழன்னு போடறோம் இல்ல, அதேதான். சுத்தி நிக்கறவங்க, சுற்றம். உனுக்கும் ஒண்ணு கீது. நானும் அம்மாவும்."

"ரெண்டு பேரா? ஷேர் ஆட்டோகூட நெறையாதே" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அப்போது நான் கவனித்திருக்க வேண்டும். நான்தான் பாதி வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டு போய் மறுநாள் காரில் அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அந்த வாரம் முழுக்க, "ஆந்தூராஜெல்லாம் வண்டில ஏறுங்கடா" என்றுதான் புறப்பட்டார்.

ஃபாத்திமா உண்மையில் பேச வந்தது வேறு விஷயம். அதைச் சில நாள் கழித்துச் சொன்னாள். கூட வேலை செய்கிற ஜெரின் என்கிற பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. நாகர்கோவில் பக்கத்துக் குடும்பம், எங்களைப் போல வேதக்காரர்கள்தான். அப்பா ஜெயக்கொடி திருவொற்றியூரில் பிளாஸ்டிக் வாளி, குடம் மொத்த வியாபாரம். கீழே கடை, மேலே வீடு. அவர் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. ராயபுரத்து ஆட்கள் என்றதும் தயங்கியிருக்கிறார். குடும்பத்தை ஒரு தடவை வரச்சொல், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

"ஒரு தபாதான் நைனா. அத்தோட ஆமாவா இல்லையான்னு சொல்லிடுவாரு. அவரு வேணாம்னா ஜெரின் மீறி வரமாட்டான். எனக்கும் அவன வுட்டா வேற யாரும் வேணாம்." சோற்றில் வைத்த கை அப்படியே இருந்தது. "நாம மூணு பேரு மட்டும் போவோம். அண்ணன் வேணாம். சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தேன். மனசாரத்தான் செய்தேன். சனிக்கிழமை சாயங்காலம்வரை அதைக் காப்பாற்றவும் செய்தேன்.

சிக்கல் எங்கே வந்ததென்றால், அண்ணனுக்குப் பின்னால் நடக்கிறவன் காணாமல் போக முடியாது. நாங்கள் போவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமையே அண்ணனுக்கு ஒரு திறப்பு விழா இருந்தது. வரமாட்டேன் என்றதும் அண்ணன் அப்படியே நின்றார். காரணத்தைச் சொன்னேன். வாய் அதோடு நின்றிருக்கலாம். "அவங்க கொஞ்சம் யோசிக்கிறாங்கண்ணா, நம்மளப் பத்தி" என்றும் சேர்த்துச் சொன்னது. வாய்மேல் பழி போடுகிறேன், ஆசை என்னுடையதுதான். இத்தனை வருஷம் ஊரார் வீட்டுக்கெல்லாம் கூட்டம் சேர்த்தவன், என் பெண்ணுக்காகப் போகும்போது மட்டும் பஸ் ஸ்டாப்பில் இறங்கி நடந்து போவதா? ஜெயக்கொடி பார்க்கட்டும், இந்த கஸ்பார் சாதாரண ஆள் இல்லை என்று தோன்றிவிட்டது.

"யோசிக்கிறானா?" என்றார் அண்ணன். "நம்ம கஸ்பாரு பொண்ணுடா. தனியா வுட்ருவனா? தொறப்பு விழாவ கேன்சல் பண்ணு. ஆந்தூராஜ் மொத்தமும் வரணும்."

ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் கோயில் வாசலில் ஐந்து வெள்ளைக் கார்கள். ஃபாத்திமா என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பழத் தட்டு, இனிப்புத் தட்டு, பூ, வெற்றிலை என்று ஏழெட்டுத் தட்டுகளை டோரதி முந்தின நாளே தயார் செய்து, மேலே கண்ணாடித்தாள் ஒட்டி வைத்திருந்தாள். அவற்றைக் கடைசிக் காரின் டிக்கியில் அடுக்கி, அவளும் ஃபாத்திமாவும் அதில் ஏறினார்கள். நான் எங்கே ஏறினேன் என்று கேட்காதீர்கள். பழக்க தோஷம், அண்ணன் காரில்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு டிரெய்லர் குறுக்கே திரும்பியதில் கடைசிக் கார் பின்தங்கிவிட்டது. அந்த டிரெய்லரும் அண்ணனுடையதுதான். நாங்கள் நான்கு கார் கடைத்தெருவுக்குள் போய், வாளிகளும் குடங்களும் வாசலில் கோபுரமாகத் தொங்கின கடைக்கு முன்னால் நின்றோம். எங்கள் பழக்கப்படி எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் திறந்தன. வெள்ளைச் சட்டைகள் இறங்கின. பாதிப் பேர் கறுப்புக் கண்ணாடி. ஒருவர் கையிலும் ஒரு பொருள் இல்லை. அண்ணன் நடுவில் நின்று கடையை மேலும் கீழும் பார்த்தார். வீட்டைப் பார்க்கத்தானே வந்திருக்கிறோம், அதனால் பார்த்தார்.

ஷட்டர் விழுந்தது. அது விழுந்த வேகத்தில் ஒரு பச்சைக் குடம் உருண்டு தெருவுக்கு வந்து அறிவின் காலடியில் நின்றது. அடுத்து பக்கத்து இரும்புக்கடை ஷட்டர். அதற்கடுத்து டீக்கடைக்காரர் பாலை அடுப்பில் விட்டுவிட்டுப் பலகையை மூடினார். அப்படியே தெருக் கோடிவரை ஒவ்வொன்றாக இறங்கின சத்தம் கேட்டது.

"ஞாயித்துக்கெழம இந்நேரத்துக்கெல்லாம் சாத்திடுவாங்களா?" என்றார் அண்ணன்.

அந்தக் கடைத்தெருவில் சில மாதம் முன்னால் இதே மாதிரி ஒரு கும்பல் வந்திறங்கி ஒரு கடைக்காரரைக் காலி செய்யச் சொல்லி மிரட்டியதாம். அப்புறமாகத்தான் எனக்குச் சொன்னார்கள். அன்றிலிருந்து வெள்ளைச் சட்டைக் கூட்டம் இறங்கினால் முதலில் ஷட்டர், பிறகுதான் பேச்சு என்று வியாபாரிகள் முடிவு செய்திருந்தார்கள். பெண் கொடுக்க வந்த நாங்கள் அந்தத் தெருவுக்குக் கட்டப்பஞ்சாயத்தாகத் தெரிந்தோம். கை வீசிக்கொண்டு வருகிறவனைப் பார்த்தால் வேறு என்னவாகத் தெரியும்?

அப்போதுதான் கடைசிக் கார் வந்தது. ஃபாத்திமா காதில் போனோடு இறங்கினாள். முகம் வெளுத்திருந்தது. "அவங்க அப்பா போலீசுக்கு போன் போடப் போறாராம். ஜெரின் சொல்றத அவரு நம்பல. பொண்ணு வீட்டாளுங்க இப்பிடியா வருவாங்கன்றாரு." அவள் என்னிடம் வந்து, மெதுவாகத்தான் கேட்டாள். "ஒண்ணே ஒண்ணுதான கேட்டேன் நைனா?"

நான் எங்கே நின்றுகொண்டிருந்தேன் தெரியுமா? அண்ணனின் இடது தோளுக்கு அரையடி பின்னால். அந்தக் கேள்வியை அங்கே நின்றுதான் வாங்கிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. தெருவே பார்க்க அழுதுவிடுவேனோ என்று இருந்தது.

டோரதி அழுகிற ரகம் இல்லை. நேராகப் போய் டிக்கியைத் திறந்தாள். "கைய வீசிக்கினு வந்து நின்னா அவரு இன்னான்னு நெனைப்பாரு? தட்டத் தூக்கினாதான் சம்பந்தம் பேச வந்தவன். தூக்குங்க" என்றாள்.

ஒருவரும் நகரவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அத்தனை வருஷச் சட்டம். எல்லாரும் அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன் மூடின ஷட்டரைப் பார்த்தார். பிறகு ஃபாத்திமாவின் முகத்தைப் பார்த்தார். தப்பு எங்கே என்று அவருக்கு அப்போதுதான் பிடிபட்டிருக்க வேண்டும்.

"இதுல எது கனம் டோரதி?"

"பழத் தட்டுங்க."

"குடு."

தன் போனைக்கூடத் தூக்காத மனிதர், பலாச்சுளையும் மாதுளையும் அன்னாசியும் வைத்த அந்தத் தட்டை இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டார். பிடிக்கத் தெரியவில்லை, அன்னாசி ஒரு பக்கம் சரிந்தது. அதற்குப் பிறகு டிக்கியில் நடந்தது தள்ளுமுள்ளு. தட்டு கிடைக்காதவன் பூவைப் பிடுங்கினான். ஒன்றும் கிடைக்காத அறிவு, தெருவில் கிடந்த பச்சைக் குடத்தையே எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டான்.

மாடியில் ஒரு கதவு திறந்தது. வேட்டி கட்டிய ஒல்லியான மனிதர் எட்டிப் பார்த்தார். பக்கத்தில் ஜெரின். அவர் தட்டுகளைப் பார்த்தார், தட்டுக்குப் பின்னால் வியர்த்துக்கொண்டிருந்த முகங்களைப் பார்த்தார். "பொண்ணுக்க அப்பா ஆரு?" என்று கேட்டார்.

பழக்கத்தில் எல்லாரும் அண்ணன் பக்கம் திரும்பினார்கள். நானும் திரும்பினேன் என்பதை மறைப்பதற்கில்லை. அண்ணனுக்குக் கை காட்ட வழியில்லை, தாடையால் என்னைக் காட்டினார்.

"அப்ப நீங்க முன்னால கேறி வாங்க" என்றார் ஜெயக்கொடி.

முன்னால் நடப்பது என்பது நான் நினைத்த அளவுக்குச் சுலபமாக இல்லை. இரண்டு அடி வைத்தேன். கால் தானாகத் தாமதித்து அண்ணனின் தோளுக்குப் பின்னால் போய் நின்றது. அண்ணன் நின்றார். அவர் நின்றதால் பின்னால் எல்லாரும் நின்றார்கள். மறுபடி நடந்தேன், மறுபடி அதே கதை. மாடிப்படியில் டோரதி என் முதுகில் கை வைத்து ஒரு தள்ளு தள்ளினாள். அப்படித்தான் நான் என் சம்பந்தி வீட்டுக்குள் முதலாவதாக நுழைந்தேன், கிட்டத்தட்ட விழுந்து.

தட்டுகள் வரிசையாகத் தரையில் இறங்கின. ஜெயக்கொடி இன்னும் முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. கூடத்தில் இடம் போதாமல் படிவரை நின்ற கூட்டத்தைப் பார்த்து என்னைக் கேட்டார். "இவியல்லாம் ஆரு?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் எப்போதும் தயார். வாழ்நாளெல்லாம் சொன்ன பதில், அண்ணன் ஆளுங்க. வாயைத் திறந்தேன். ஃபாத்திமா தலையைக் குனிந்துகொண்டாள்.

அதற்குள் அண்ணன் பேசிவிட்டார். "கஸ்பாரு ஆளுங்கங்க" என்றார். படியேறின மூச்சு இன்னும் அடங்கவில்லை. மேடையில் பேசுகிற குரல் இல்லை அது. "நானும் கஸ்பாரு ஆளுதான். பொண்ண எங்க எல்லாருக்கும் கொழந்தைலேந்து தெரியும். நாங்க வந்த விதம் தப்பு. அவங்க மூணு பேரையும் வச்சி முடிவு பண்ணுங்க."

என் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. மறைக்கச் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டேன். அண்ணனுடைய கண்ணாடி. நீரோடு சேர்ந்து ஜெயக்கொடி இரண்டாகத் தெரிந்தார். ஃபாத்திமா என்னைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தாள். தமிழ் வார்த்தை இல்லை, அவளுடைய அந்த பிரெஞ்சு வார்த்தை என்று தெரிந்தது.

ஜெயக்கொடி, அறிவு இடுப்பில் இருந்த குடத்தைப் பார்த்து, "அது நம்ம கடைக் குடம்லா?" என்றார். அறிவு அதைப் பயபக்தியோடு இனிப்புத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். அவர் சிரித்துவிட்டார். பிறகு உள்ளே திரும்பி மனைவியிடம், "சாப்பாட்டுக்கு ஆளனுப்பு. எல்லாரும் கை நனைச்சிட்டுத்தான் போணும்" என்றார்.

சம்மதம் இல்லாத வீட்டில் கை நனைக்கச் சொல்ல மாட்டார்கள். டோரதி அப்போதுதான் அழுதாள்.

ஜெரின் போனில் ஒரு படம் எடுத்தான். மறுநாள் நான் வழக்கம்போல யார்டுக்குப் போய் இடது தோளுக்கு அரையடி பின்னால் என் இடத்தில் நின்றேன், அதில் ஒரு மாற்றமும் இல்லை. ஃபாத்திமா அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டினாள். நான் நடுவில், முழுசாக, மூக்கோடு இருக்கிறேன். கண்தான் மூடிவிட்டது. என் இடது தோளுக்குப் பின்னால் ஒரு காது மட்டும் தெரிகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அது யார் என்று கேட்கிறார்கள். நம்ம ஆளுதான் என்று சொல்கிறேன்.